பெரிய ஏ, சின்ன ஏ

எங்கள் வீட்டுக்குள் ஆங்கிலம் நுழைந்தது விமானத் தபால் உறையோடுதான். அப்பா கல்ஃபுக்குக் கம்பி கட்டும் வேலைக்குப் போன பிறகு, ஓரத்தில் நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட உறைகள் அவ்வப்போது வரும். அதன்மேல் எங்கள் வீட்டுப் பெயரை முழுக்கப் பெரிய எழுத்தில், தபால்காரருக்குக் கண் மங்கல் என்று யாரோ சொல்லிவிட்டதுபோல், அழுத்தி எழுதியிருப்பார். அம்மாவுக்குத் தமிழ் வாசிக்க வரும், மலையாளமும் வரும். ஆங்கிலத்தில் அந்த ஒரு பெயர் மட்டும் வரும்.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. ஆங்கிலத்தில் 'ஏ'யில் தொடங்கும், அவ்வளவு தெரிந்தால் போதும். உண்மையில் அது வீட்டின் பெயரே அல்ல, விளையின் பெயர். தென்னையும் மரச்சீனிக் கிழங்கும் நிற்கும் மேட்டு நிலத்தை எங்கள் பக்கத்தில் விளை என்போம். எங்கள் ஊர் கொல்லயிலில் அந்த விளை முழுவதும் ஒரு பெரிய வீட்டுக்குச் சொந்தம். அவர்களும் எங்கள் சபைக்காரர்கள்தான். அதன் மூலையில் ஓலைக் குடில் கட்டி, அவர்களுக்கு வேலை செய்துகொண்டு கிடந்த ஒரே குடும்பம் எங்களுடையது. நான் சிறுமியாக இருந்தபோது நிலச்சட்டம் வந்து, குடில் நின்ற பத்து சென்ட் எங்களுக்கு என்று ஆனது. மற்ற விளைகளில் இப்படி மண் கிடைத்தவர்கள், பெரிய வீட்டோடு பெயர் குழம்பாமல் இருக்க, விளையின் பெயருக்குப் பின்னால் 'புத்தன்வீடு' என்றோ 'மேலேவீடு' என்றோ சேர்த்துக்கொண்டார்கள். அப்பா மட்டும் மாட்டேன் என்றுவிட்டார்.

"நான் பொறந்ததும் இந்த மண்ணில, எனக்க அப்பன் செத்ததும் இந்த மண்ணில. மண்ணுக்க பேரு போதும். அதுக்கு வாலு ஒண்ணும் வேண்டாம்," என்றாராம்.

அம்மா இந்தப் பெயர் வழக்கில் எல்லாம் தலையிடவில்லை. வேலி அடைத்து முடித்ததும் அவள் ஒரு பெட்டைக்கோழி வாங்கினாள். கோழி மிளகுக் கொடியின் வேரைக் கிளறும் என்று பெரிய வீட்டில் கோழியே வளர்ப்பதில்லை. விளையில் கிடந்தவர்களும் வளர்க்கக் கூடாது. ஆகவே சட்டம் வந்தது எனக்கு எப்படித் தெரியும் என்றால், காலையில் எங்கள் முற்றத்தில் கோழி சத்தம் கேட்டது. அதன் வம்சம் பெருகி, பிற்பாடு என் சுடிதார் துப்பட்டாவைக்கூடக் கொத்திக் கிழித்தது. அம்மா அவற்றை ஒரு சொல் சொல்ல விடமாட்டாள்.

இனி சபை விஷயத்துக்கு வருகிறேன். எங்களுடையது பழைய மிஷன் சபை. ஆண்டுக்கு ஒருமுறை அறுப்பின் பண்டிகை. ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் மண்ணில் விளைந்த ஏதாவது ஒன்றைக் கொண்டுவருவார்கள். வீட்டுப் பெயரை விளிக்கும்போது எழுந்துபோய் ஆல்டரின் முன்னால் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் எல்லாம் ஏலம் போகும்.

பெயர் விளிக்கும் வரிசைக்கு ஆதாரம் சபைப் பதிவேடு. மிஷன் காலத்திலிருந்தே ஆங்கிலத்தில் எழுதி வந்தது. நிலம் உள்ள வீட்டின் பெயர் முழுக்கப் பெரிய எழுத்தில், அதாவது கேப்பிட்டலில், இருக்கும். அதன் அடியில், அந்த நிலத்தில் கிடந்தவர்களின் பெயர் முழுக்கச் சின்ன எழுத்தில். பண்டிகையன்று பெரிய எழுத்துக்காரர்களை எல்லாம் விளித்து முடித்த பிறகுதான் சின்ன எழுத்துக்காரர்களிடம் வருவார்கள். நிலம் கை மாறியும் எழுத்து மாறவில்லை. யாரும் வன்மத்தோடு அப்படி வைத்திருந்ததாக நான் சொல்ல மாட்டேன். அடுக்களையில் உப்புப் பரணி இருக்கும் இடம்போல, இருந்த இடத்தில் இருந்தது.

எங்கள் விளையின் பெயர் இதனால் இரண்டு தடவை கேட்கும். முதல் தடவை கேட்டால் கொச்சம்மா எழுவார். பெரிய வீட்டு அம்மாவை நாங்கள் கொச்சம்மா என்றுதான் கூப்பிடுவோம். ஏறக்குறைய கடைசியில் இன்னொரு தடவை கேட்டால் அம்மா எழுவாள். அதற்குள் பாதிச் சபை நழுவிப்போய் ஏலத்துக்கு இடம் பிடித்திருக்கும். கல்ஃப் பணத்தில் கான்கிரீட் வீடு எழும்பிய பிறகும், காலிப் பெஞ்சுகளுக்கு நடுவே தேங்காயைத் தூக்கிக்கொண்டு போவாள் அம்மா. பின்னால் உட்கார்ந்து பார்க்கும் எனக்கு மூக்கு விடைக்கும்.

அப்பாவுக்கும் அது காலில் தைத்த முள். பண்டிகை ஆராதனையை நான் டூ-இன்-ஒன்னில் பதிவு செய்து, லீவு முடிந்து திரும்பும் யாரிடமாவது கேசட்டைக் கொடுத்தனுப்புவேன். அங்கே தொழிலாளர் முகாமில் கூட்டாளிகளோடு உட்கார்ந்து கேட்டுவிட்டு, அவரும் கேசட்டில் பேசி அனுப்புவார்.

"பேரு விளிச்சது கேட்டுது மக்கா. ஆனா கடைசியிலல்லா. அதுக்குள்ள டேப்பு தீந்துபோவுமோன்னு பயந்து இருந்தேன்," என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

நான் நெய்யாற்றின்கரையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் 'சி' மொழி படித்து, அங்கேயே சொல்லிக்கொடுக்கச் சேர்ந்த வருடம், எங்கள் சபைக்குப் புதிய போதகர் வந்தார். வெளியூர்க்காரர். பண்டிகை வரிசையைக் கேட்டுவிட்டு, "இதென்ன பெரிய வீடு சின்ன வீடு? ஏ, பி, சி வரிசையில் விளிப்போம்," என்று சொல்லிவிட்டார். சபைச் செக்ரட்டரிக்குத் தர்மசங்கடம். அவர் ஓய்வுபெற்ற இங்கிலீஷ் வாத்தியார், பெரிய எழுத்துக்காரர். தன் கையால் வரிசை மாற்றினால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்.

"பிள்ளே, நீ கம்ப்யூட்டர்ல போட்டுத் தா. அதுக்கு வேண்டியவனும் இல்ல, வேண்டாதவனும் இல்ல. பின்ன எவனும் என்னைக் கேக்க மாட்டான்," என்று பதிவேட்டை என்னிடம் நீட்டினார்.

வீட்டில் சொன்னதும் அம்மா மரச்சீனி உரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நம்ம எழுத்து ஏ-ல்லா? அப்பம் முதல்ல நாமளா?"

"முதல்லயோ ரெண்டாவதோ வரும். கொச்சம்மாவுக்கும் அதே பேருதானே அம்மா."

"ரெண்டாவது போதும் மக்கா. ஆளு இருக்கும்போ போனா போதும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்பம் இந்தத் தடவை சேவல் கொண்டு போறேன்," என்றாள்.

அது சாதாரண முடிவல்ல. கடைசிவரை மடியில் சேவலை அடக்கிக்கொண்டு உட்கார யாரால் முடியும்? அதனால்தான் இத்தனை வருடமும் தேங்காய். அன்றைக்கே ஒரு செஞ்சேவலைப் பார்த்துவைத்து, அதற்குத் தனியாக அரிசி போடத் தொடங்கினாள்.

பெயர்களை வரிசைப்படுத்தும் புரோகிராம் எழுதுவது எனக்குப் பெரிய காரியமில்லை. அடுத்தடுத்த இரண்டு பெயர்களை ஒப்பிட வேண்டும். மேலே இருப்பது பின்னால் வரவேண்டிய பெயரானால் கீழே தள்ள வேண்டும். தள்ள ஒன்றும் இல்லாதவரை இதையே திரும்பச் செய்ய வேண்டும். பதிவேட்டில் கண்டதைக் கண்டபடி தட்டச்சு செய்தேன். பெரிய எழுத்தைப் பெரிதாகவும் சின்ன எழுத்தைச் சின்னதாகவும். வாத்தியார் பெட்டியில் இருந்து வந்த பதிவேடு, அதில் கை வைக்க நான் யார் என்று ஒரு மரியாதை. பிரிண்டர் கரகரவென்று அடித்துத் துப்பியது. முதல் வரியைப் பார்த்தேன். எங்கள் விளையின் பெயர், அப்பாவின் உறையில் இருப்பதுபோலவே பெரிய எழுத்தில். உள்ளம் குளிர்ந்துபோனது. மற்றதைப் பார்க்காமல் மடித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஞாயிற்றுக்கிழமை செக்ரட்டரி அதைச் சபை வாசல் பலகையில் ஒட்டினார். அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு பலகை முன்னால் போய் நின்றாள். முதல் வரியில் விரலை வைத்துச் சிரித்தாள். இரண்டாவது வரிக்கு விரல் போனது. அங்கே வேறு பெயர். விரல் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது. பெரிய எழுத்துப் பெயர்கள் எல்லாம் தீர்ந்த இடத்தில், சின்ன எழுத்து வரிசையின் தலையில், அதே பெயர் சின்ன எழுத்தில் நின்றது. இசட் எழுத்துக்காரருக்கும் பின்னால், ஏ.

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பாத்தியா மக்கா, மெசினுக்கும் தெரியுது," என்றாள். வீட்டுக்குப் போனதும் சேவலுக்கு வைத்திருந்த அரிசியை எல்லாக் கோழிகளுக்குமாக இறைத்துவிட்டாள்.

அன்றைக்கு எனக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை. இத்தனை வருடம் மனிதர்கள் போட்ட வரிசை, யாரையும் அறியாத ஒரு பெட்டிக்கு எப்படித் தெரிந்தது? எங்கள் சென்டரில் அந்தப் பெட்டிக்கு ஏசி உண்டு, எங்களுக்கு இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் பக்கத்தில் போவோம். அத்தனை மரியாதை கொடுத்ததற்கு இதுதான் கைம்மாறா என்று எரிச்சலாக வந்தது.

திங்கட்கிழமை முதல் ஆளாகச் சென்டர் படியேறி, புத்தகத்தைப் புரட்டியதும் விஷயம் பிடிபட்டது. கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். பெரிய ஏவுக்கு அறுபத்தைந்து என்று எண். அப்படியே ஏறிப்போய்ப் பெரிய இசட்டுக்குத் தொண்ணூறு. சின்ன எழுத்துகள் அதற்கும் அப்பால்தான் தொடங்கும். சின்ன ஏவுக்குத் தொண்ணூற்றேழு. நான் எழுதிய கட்டளை எண்ணைப் பார்த்துத்தான் ஒப்பிடும். ஆக, பெரிய எழுத்துக்காரர் எத்தனை பேர் வந்தாலும் எல்லாரும் முன்னால், சின்ன ஏ எல்லாருக்கும் பின்னால். பெட்டிக்கு எங்கள் விளையும் தெரியாது, குடிலும் தெரியாது. பதிவேட்டில் இருந்த வரிசையை நான்தான் ஷிஃப்ட் விசையை அமுக்கியும் விட்டும் உள்ளே ஏற்றியிருக்கிறேன்.

தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். ஏனென்றால் மருந்தும் அதே பக்கத்தில் இருந்தது. ஒப்பிடும் கட்டளைக்கு ஒரு தம்பி உண்டு. எழுத்து பெரிதா சின்னதா என்று பாராமல், எழுத்தை மட்டும் பார்த்து ஒப்பிடும் தம்பி. அண்ணனை எடுத்துவிட்டு அவனைப் போட்டால் தீர்ந்தது.

ஆனால் ஒட்டிய பட்டியலை மாற்றச் செக்ரட்டரி ஒப்ப வேண்டுமே. மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி குடியேறியிருந்தது. போதகர் சொன்னபடியும் ஆயிற்று, சொந்தக்காரர்களும் சந்தோஷம்.

"கம்ப்யூட்டர் தப்பு செய்யாதாக்கும். அது சொன்னா சொன்னதுதான்," என்றார்.

"அது ஒண்ணும் சொல்லல சார். நான் சொல்லச் சொன்னதைச் சொல்லிச்சு. நான் சொன்னது தப்பாட்டு போச்சு."

"கேப்பிட்டல் லெட்டர் முன்னால வாறதுல என்ன பிள்ளே தப்பு? அதுக்குன்னு ஒரு அந்தஸ்து உண்டுல்லா."

எனக்குச் சுருக்கென்றது. கண்ணாடி அலமாரியில் அவருடைய தடித்த டிக்ஷனரி தெரிந்தது. அதன்மேல் அவருக்கு உயிர். பள்ளியில் எங்களை ஒருநாளும் தொட விட்டதில்லை.

"சார், உங்க டிக்ஷனரியில சீயோன் மலைக்குள்ள சயன் முதல்லயா, எறும்புக்குள்ள ஆன்ட் முதல்லயா?"

"இதென்ன கேள்வி? ஆன்ட். ஏ-ல்லா."

"சயனுக்கு கேப்பிட்டல் இசட்டுல்லா சார். தேவனுக்க மலையில்லா. எறும்பு சின்ன ஏ. அந்தஸ்து பாத்தா மலையல்லவா முன்னால வரணும்?"

அவர் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து, டிக்ஷனரியை எடுத்து, தெரிந்த விஷயத்தைத் தாமே புரட்டிப் பார்த்தார். இத்தனை வருடம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர். அந்தப் புத்தகத்துக்கு எதிராகப் பேச அவருக்கு நாக்கு எழவில்லை. சொந்தக்காரர்களுக்கு எதிராகப் பேசுவது அதைவிட எளிது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

"டிக்ஷனரியில எப்படியோ அப்படியே போடு," என்றார் கடைசியில். "எவனாவது கேட்டா இதைத் தூக்கிட்டு வாறேன்."

மறுநாள் தம்பியைப் போட்டு ஓட்டினேன். அப்போது ஒரு புதுச் சங்கடம். பெரிதும் சின்னதும் ஒன்று என்று ஆனதும், எங்கள் விளையின் பெயர் இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகிவிட்டன. கம்ப்யூட்டரின் பார்வையில் பெரிய வீடும் எங்கள் வீடும் சமம். சமமான இரண்டை என் புரோகிராம் இடம் மாற்றாது. எது முன்னால் தட்டச்சானதோ அது முன்னால் நிற்கும். தட்டச்சு செய்தபோது பதிவேட்டு வரிசைப்படி பெரிய வீட்டைத்தான் முன்னால் அடித்திருந்தேன். ஒரே ஒரு வரி கூட்டி எழுதினால் எங்கள் பெயரை மேலே ஏற்றலாம். கை துறுதுறுத்தது. உண்மையைச் சொன்னால், அந்த வரியை எழுதியும் பார்த்தேன். பிறகு "ரெண்டாவது போதும் மக்கா" என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அழித்துவிட்டேன். ஆனால் அச்சடிக்கும்போது எல்லாப் பெயர்களையும் பெரிய எழுத்துக்கு மாற்றித்தான் அச்சடித்தேன். சின்ன எழுத்து போதும் போதும் என்றாகிவிட்டது எனக்கு.

புதிய பட்டியலை அம்மாவுக்குக் காட்டினேன். முதல் வரியும் இரண்டாவது வரியும் உறையில் இருக்கும் அதே பெயர். இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தாள்.

"இதில எது நாம?"

"ரெண்டாவது."

"பாத்தா தெரியாது, இல்லியா?" என்று கேட்டுவிட்டு, அரிசிப் பானையைத் திறக்கப் போனாள். சேவலுக்கு மறுபடியும் நல்ல காலம் பிறந்தது.

பண்டிகையன்று நான் டூ-இன்-ஒன்னைத் தூக்கிக்கொண்டு முன்வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். அம்மா நடைபாதை ஓரமாக, காலைக் கட்டிய சேவலோடு. சபை நிறைந்திருந்தது. இந்த வருடம் யாருக்கு எப்போது பெயர் வரும் என்று உறுதியில்லாததால் ஒருவரும் வெளியே நழுவவில்லை. போதகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பட்டியலை எடுத்தார். நான் பதிவு விசையை அமுக்கினேன்.

எங்கள் விளையின் பெயரை விளித்தார். கொச்சம்மா எழுந்தார். போதகர் அடுத்த வரியைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார், அதை விட்டுவிட்டுத் தாளில் விரலை மேலும் கீழே இறக்கினார். ஊருக்குப் புதியவர். ஒரே பெயர் இரண்டு வரியில் இருப்பதைப் பிரிண்டரின் கோளாறு என்று நினைத்துவிட்டார். ஒரே ஒரு தடவைதான் விளிக்கப்போகிறார். எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக்கிய என் கையை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நல்லவேளை, அம்மா அதைக் கவனிக்கவில்லை. தன் பெயர் கேட்டதும், பரபரப்பில் இரண்டாவது என்பதையும் மறந்து, எழுந்துவிட்டாள். எழுந்த பிறகுதான் எதிர் வரிசையில் கொச்சம்மா நிற்பதைப் பார்த்தாள். மெல்ல உட்காரப் போனாள். இடுப்பு பாதி மடங்கிவிட்டது.

கொச்சம்மாவின் கையில் ஒரு செந்துளுவன் வாழைக்குலை. வயதான காலத்தில் அதை அவர் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"என்னத்துக்குட்டீ இருக்கப் போற?" என்றார், முணுமுணுப்பாக அல்ல, சபைக்கே கேட்கும்படி. "உனக்கும் அந்தப் பேருதானே. நட, எனக்குக் கை கடுக்குது."

அம்மா நடந்தாள். இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். நடுவழியில் அந்தச் சேவல், இத்தனை நாள் தின்ற அரிசிக்கெல்லாம் கணக்குத் தீர்ப்பதுபோல், கழுத்தை நீட்டி ஒரு கூவல் கூவியது. சபை கொல்லென்று சிரித்தது. போதகரும் சிரித்தார். கொச்சம்மாவின் வாய் மட்டும் சிரிக்கவில்லை, குலை குலுங்கியது. எனக்குக் கண் நிறைந்து, டேப் ஓடுகிறதா என்று பார்க்கக்கூட முடியவில்லை.

கேசட்டைப் பாறசாலையில் லீவுக்கு வந்திருந்த ஒருவர் கொண்டுபோனார். அப்பாவின் பதில் வர நாளாயிற்று. வந்ததும் நானும் அம்மாவும் மேசையருகில் உட்கார்ந்து கேட்டோம். வழக்கம்போல் முதலில் இருமினார், எல்லாரையும் விசாரித்தார், அங்கே சூடு தாங்கவில்லை என்றார்.

"பண்டிகை கேசட்டு கேட்டோம் மக்கா. எடுத்தவுடனே நம்ம விளைக்க பேரு. கூட இருந்தவனுவ எல்லாம் கையடிச்சானுவ. எனக்குச் சந்தோசம் வரல, கேட்டியா. அது கொச்சம்மாவாக்கும், என்னைக்கும் அவியதானே முதல்லன்னு நெனச்சேன். அவிய என்னவோ பேசினது டேப்புல தெளியல, நம்ம பேரு கடைசியில வரும்னு இருந்தேன்." மறுபடியும் இருமினார். "அப்பம் ஒரு சேவல் கூவிச்சு. பெரிய வீட்டுல கோழி கெடையாதுல்லா."

அதற்குப் பிறகு பேச்சில்லாமல் டேப் கொஞ்ச நேரம் ஓடியது. நான் நிறுத்தக் கையை நீட்டினேன், அம்மா விடவில்லை.